மீன் தொட்டி பம்ப்ல தண்ணி வேகம் குறைஞ்சா தூக்கி போடாதீங்க, மொதல்ல கழட்டி கழுவுங்க

போன மே மாசம் ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா ஏஞ்சல் மீன் நாலும் மேல வந்து வாய திறந்து திறந்து மூடிட்டு நிக்குது. பம்ப் ஓடுது, சத்தமும் வருது, ஆனா தண்ணி வர்ற வாய்கிட்ட கைய வெச்சா தள்ளவே இல்ல. வெயில் காலத்துல தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் குறைஞ்சிரும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும், 30 டிகிரில ஏழரை தான், அந்த நேரத்துல மேல் தண்ணிய கலக்கி விடுற பம்ப் படுத்துச்சுன்னா மீன் பாவம் என்ன பண்ணும் சொல்லுங்க. நல்லவேளை ஒரு ஏர் பம்ப் சும்மா கெடந்துச்சு, அத போட்டுட்டு தான் இத கழட்டினேன். நீங்களும் கழட்டுறதுக்கு முன்னாடி ஏர் பம்ப் போட்டு வெச்சிருங்க.

கழுவுறதுக்கு முன்னாடி இப்ப எவ்ளோ தள்ளுதுன்னு அளந்துக்கோங்க. 5 லிட்டர் பக்கெட், போன்ல ஸ்டாப்வாட்ச், பம்ப் வாய்ல ஒரு ஓஸ் துண்டு, அவ்ளோ தான். மணிக்கு 1000 லிட்டர்னு டப்பால போட்டிருந்தா கணக்குப்படி 18 செகண்ட்ல நிரம்பணும், ஆனா அது உயரமே ஏத்தாம தள்ளுற கணக்கு, தொட்டி விளிம்பு தாண்டி ஏறும்போது கொஞ்சம் கம்மியா தான் வரும். என்னோடது 41 செகண்ட் எடுத்துச்சு, அதாவது மணிக்கு 440 லிட்டர் கூட இல்ல.

இப்ப பிளக்க புடுங்குங்க. சுவிட்ச் மட்டும் ஆஃப் பண்ணிட்டு தொட்டிக்குள்ள கைய விடாதீங்க, தப்பா வயரிங் பண்ண வீட்ல சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் லைன்ல கரண்ட் நிக்கும்.

பம்ப்ப ஒரு தட்டு மேல வெச்சு கழட்டுங்க, வாஷ்பேசின்ல வேணாம், ஏன்னா உள்ள சின்ன ரப்பர் புஷ் ரெண்டு இருக்கும், ஓட்டைல போயிருச்சுன்னா முடிஞ்சது. ஸ்பாஞ்ச், ஜாலி மூடி, அதுக்குள்ள இம்பெல்லர் (மேக்னட்டோட சேர்ந்த ஃபேன்) மூடி, வரிசையா கழட்டினா ஃபேன் தெரியும். அத நேரா இழுங்க, சாய்ச்சு இழுத்தா நடுவுல இருக்குற ஷாஃப்ட் செராமிக்கா இருந்தா பட்டுனு ஒடிஞ்சிரும். உள்ள மேக்னட் இழுத்து புடிக்கும், அது சகஜம், ஆனா அசையவே மாட்டேங்குதுன்னா முரட்டுத்தனம் வேணாம், உப்பு புடிச்சிருக்கு, மொதல்ல ஊற வைங்க, எதுலன்னு கீழ சொல்றேன்.

பெரும்பாலானவங்க விடுற இடம் ஒண்ணு இருக்கு. ஃபேன கழுவுவாங்க, மேக்னட்ட தொடைப்பாங்க, ஆனா மேக்னட் உக்காந்திருந்த குழிய பாக்கவே மாட்டாங்க. மேக்னட்டுக்கும் அந்த குழி சுவருக்கும் நடுவுல ஒரு மெல்லிசான இடைவெளி தான், அதுல வழுவழுன்னு பாசியும் உப்பும் ஏறிடுச்சுன்னா மேக்னட் உரசி உரசி சுத்தும், சூடாகும், கர்ருன்னு சத்தம் வரும். காது குடையுற பட்ஸ், இல்லன்னா பால் பாட்டில் நிப்பிள் கழுவுற சின்ன பிரஷ் விட்டு அடி வரைக்கும் தேய்ங்க. அடியில ஒரு மணல் துகளோ குட்டி நத்தையோ கெடக்கும், அதையும் எடுத்துருங்க.

சென்னை மாதிரி போர் தண்ணி ஊத்துற ஊர்ல தேய்ச்சா மட்டும் போகாது, கீசர்ல புடிக்கிற அதே வெள்ளை உப்பு தான் இதுலயும் கல்லு மாதிரி ஒட்டிருக்கும். மளிகை கடைல எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, 1 லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு பார்ட்ஸ அரை மணி நேரம் ஊற வைங்க, நுரை வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளை வினிகர்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்தும் பண்ணலாம். ரொம்ப புடிச்சிருந்தா ஒரு பக்கெட்ல அந்த கரைசல்லயே பம்ப்ப முழுசா முக்கி இருபது நிமிஷம் ஓட விடுங்க, அப்புறம் நல்ல தண்ணில ரெண்டு தடவ ஓட விட்டு அலசுங்க. சோப்பு, பாத்திரம் வெளக்குற லிக்விட் எதுவும் கிட்டவே கொண்டு போகாதீங்க, மீனோட செவுளுக்கு ஆகாது.

திருப்பி மாட்டும்போது நிறைய பேர் பயப்படுற விஷயம், மேக்னட்ட புடிச்சுட்டு ஃபேன திருப்பினா கொஞ்ச தூரம் லூசா ஆடும். உடைஞ்சிருச்சுன்னு நெனச்சு ஃபெவிக்விக் போட்டுராதீங்க! மோட்டார் கெளம்பும்போது மேக்னட் மொதல்ல சுலபமா திரும்பட்டும்னு தான் நிறைய பம்ப்ல அந்த ஆட்டத்த விட்டிருக்காங்க, ஒட்டிட்டா பம்ப் உம்முன்னு உறுமிட்டு நின்னுரும். சுத்துற திசை ஒரு தடவ இடமும் ஒரு தடவ வலமுமா இருந்தாலும் கவலை வேணாம், சாதா ஏசி பம்ப் நிறைய அப்படி தான். ஆனா மேக்னட் மேல இருக்குற பிளாஸ்டிக் விரிஞ்சு துரு தெரிஞ்சா அந்த இம்பெல்லர் வேணாம், மாடல் பேர சொல்லி இம்பெல்லர் மட்டும் தனியா கேட்டு பாருங்க, சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடை பக்கம் போறவங்க பழசையே கைல கொண்டு போயிருங்க, அளவு பாத்து தருவாங்க. வயர் தோல் வெடிச்சிருந்தா மட்டும் யோசிக்காம பம்ப்பயே மாத்திருங்க.

தண்ணிக்குள்ள முழுசா முக்கி, ஒரு குலுக்கு குலுக்கி காத்த வெளிய விட்டுட்டு பிளக் போடுங்க. வயர் பிளக்குக்கு கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், அப்ப தான் வழியுற தண்ணி வளைவுல சொட்டும், பிளக்குக்குள்ள போகாது.

ஸ்பாஞ்ச மட்டும் குழாய் தண்ணில கழுவாதீங்க, குளோரின் பட்டா அதுல வாழுற நல்ல பாக்டீரியா போயிரும், தொட்டி தண்ணிய ஒரு மக்குல எடுத்து அதுலயே பிழிங்க.

கழுவினதுக்கு அப்புறம் எனக்கு 22 செகண்ட்ல பக்கெட் நிரம்புச்சு, மணிக்கு 800 லிட்டருக்கு மேல, அதே பழைய பம்ப் தான்! மீனெல்லாம் சாயங்காலமே கீழ எறங்கி நீந்த ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஸ்பாஞ்ச் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, இம்பெல்லர் குழி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, பம்ப் தண்ணி உறிஞ்சுற வாயும் மணலுக்கு மேல மூணு விரல் உயரத்துல தான் வெச்சிருக்கேன்.