மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நடக்க: உடை, சுமை, திசை

மலையேற்றத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பல, பனி மூடிய மலைகளையோ குளிர்நாட்டுக் காடுகளையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை நம்பி ஆனைமலைக்கோ பழனி மலைக்கோ மேகமலைக்கோ புறப்படுகிறவர், வேண்டாத வாத்து இறகு ஜாக்கெட்டை முதுகில் சுமந்துகொண்டு, வேண்டிய அட்டைக் காலுறை (அட்டைப்பூச்சி கடிக்காமல் காக்கும் உறை) இல்லாமல் சோலைக்காட்டின் வாசலில் நிற்பார். நம் மலைகளில் நடப்பவரை வருத்துபவை மூன்று: ஈரம், மூடுபனி, பாதையைப் போலவே தோற்றமளிக்கும் பாதையல்லாத தடங்கள். எதை வாங்குவது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது என்பதை இம்மூன்றையும் கொண்டே முடிவுசெய்யலாம்.

முதலில் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்துவிட்டது. அவற்றில் உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். காப்புக்காட்டுக்குள் நம் விருப்பம்போல் கூடாரம் அடிக்க முடியாது என்பதால், விடியலில் ஏறி மாலைக்குள் இறங்கும் ஒருநாள் நடைக்கே இங்கே சொல்பவை பொருந்தும். வழிகாட்டி இருக்கும்போது நிலவரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள், குழு இரண்டாகப் பிரிந்துபோனாலோ கால் பிசகியவர் அந்த வழிகாட்டியாகவே இருந்தாலோ என்ன செய்வது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடை

ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் என்ற கணக்கில் வெப்பம் குறைகிறது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டரிலும், தொட்டபெட்டா 2,637 மீட்டரிலும் இருக்கின்றன. ஆகவே கோவையில் 30 பாகை வெயில் அடிக்கும் நேரத்தில் தொட்டபெட்டா முகட்டில் 15 பாகை அளவில்தான் இருக்கும். அதனுடன் நனைந்த சட்டையும் முகட்டுக் காற்றும் சேர்ந்துகொண்டால், தமிழ்நாட்டிலும் உடல் நடுங்கிப் பேச்சுக் குழறும் அளவுக்குக் குளிர் தாக்கக்கூடும்.

இதற்கு ஒரே தடித்த உடையைவிடப் பல மெல்லிய அடுக்குகளே ஏற்றவை. உடலை ஒட்டி, வியர்வையை விரைவில் உலரவிடும் பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளிச் சட்டையை அணியலாம். அதற்கு மேல் போடும் ஃபிளீஸ் (செயற்கை இழையாலான மென்மயிர்த் துணி) மேலாடையை ஏறும்போது பைக்குள் வைத்துவிட்டு, நின்றவுடனே, அதாவது உடல் குளிர்வதற்கு முன்பாகவே, எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வாத்து இறகு நனைந்தால் ஒட்டிச் சுருங்கி வெப்பத்தைத் தாங்கும் திறனை இழந்துவிடும் என்பதால், மழைக்காட்டில் அதைவிட ஃபிளீஸே நம்பகமானது. பருத்தியே கூடாது என்று பலரும் கட்டளைபோலச் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. அடிவாரத்து முட்காட்டில், வறண்ட நாட்களில், வியர்வையைத் தேக்கி உடலைக் குளிர்விக்கும் பருத்திச் சட்டை சுகமானது. 1,500 மீட்டருக்கு மேல், மழை வாய்ப்பு உள்ள நாளில் அதே சட்டை உடல் வெப்பத்தைக் குடித்துவிடும். மாறாக, செயற்கை இழைகள் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை அணிந்துகொண்டு அடுப்பின் அருகே குந்தக் கூடாது.

மழையாடை வாங்கும்போது அக்குளில் காற்று புகத் திறக்கும் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஈரக்காற்றில் எவ்வளவு விலையுயர்ந்த துணியும் உள்ளே வியர்வையால் நனையத்தான் செய்யும். அந்த ஜிப் இல்லாவிட்டால் மழையில் நனைந்தால் என்ன, வியர்வையில் நனைந்தால் என்ன என்ற நிலைதான். பையையும் சேர்த்து மூடும் போர்வை வகை மழைக்கோட்டு தட்டையான பாதைக்கு நல்லது. பாறை இறக்கத்தில் காலடியை மறைத்துவிடும், முகட்டில் பாய்மரம்போல் உப்பும். நிறத்தைப் பொறுத்தவரை, யானையும் காட்டெருமையும் உலவும் காட்டில் மண், இலை, சாம்பல் நிறங்களே முறை. வாசனைத் திரவியத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். முழுக்கால் சட்டை கட்டாயம்.

காலணியைப் பொறுத்தவரை, தண்ணீர் புகாத கனமான பூட்ஸைவிட, நனைந்தாலும் விரைவில் உலரும், அடிப்பகுதியில் ஆழமான பற்கள் உள்ள இலகுவான ஷூவே எனக்குப் பிடித்தம். ஓடையில் இறங்கியபின் மேல்வழியாக உள்ளே போன தண்ணீர், தண்ணீர் புகாத பூட்ஸிலிருந்து வெளியே போவதும் இல்லை. நகத்துக்கு முன்னால் அரை விரல் இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும் என்பதால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய் அளவு பார்ப்பது நல்லது.

அட்டைக் காலுறை என்பது நெருக்கமாக நெய்த துணியாலான, முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்கிக் கட்டும் உறை. சாதாரணக் காலுறையின் கண்கள் வழியாக அட்டை நுழைந்துவிடும். இதன் வழியாக நுழையாது. காற்சட்டையின் முனையை இதற்குள் செருகிவிட்டுத்தான் கட்ட வேண்டும். கடித்துவிட்ட அட்டையைப் பிய்த்து இழுப்பதும், உப்போ நெருப்போ வைப்பதும் வேண்டாம். பதற்றத்தில் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிட வாய்ப்புண்டு. ஒல்லியான வாய்ப்பக்கத்தின் அடியில் நகத்தை வழுக்கிச் செலுத்தினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் காயம் சிறிது நேரம் கசியும், அது ஆபத்தில்லை. ஆபத்து புல்லில் இருக்கும் கண்ணுக்கெட்டாத சிற்றுண்ணிகளில்தான். திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகு காய்ச்சலும், அக்குளிலோ இடுப்பிலோ கருத்த பொருக்குப்புண்ணும் தெரிந்தால், அவற்றின் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சுமை

ஒருநாள் நடைக்கு 25 முதல் 30 லிட்டர் பை போதும். பைக்கு மேல் மாட்டும் மழையுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாக வழியும் தண்ணீரை அது தடுக்காது. பைக்குள்ளே தடித்த பெரிய பிளாஸ்டிக் உறையை விரித்து, பொருட்களை அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுவதே மலிவான, உறுதியான வழி. மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காயத்துக்கான துணிக்கட்டு, விசில், நெற்றி விளக்கு, வேறொரு உறையில் முடிந்து வைத்த ஒரு மாற்றுடை ஆகியவை இருக்க வேண்டும். பகலில் திரும்பிவிடுவோம் என்று விளக்கை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். நம் அட்சரேகையில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் சோலைக்குள் கை நீட்டினால் கை தெரியாது.

திசை

வழி தவறியவர்கள் பலர் சொல்வது ஒன்றே: பாதை நன்றாக, அகலமாக இருந்தது, அதனால்தான் போனோம். அது யானைத்தடம். யானை சரிவை அளந்து நடக்கும் விலங்கு. அதன் தடம் மனிதப் பாதையைவிட அகலமாகவும் சீராகவும் இருக்கும், நம்மை நேராக நீர்நிலைக்கோ மூங்கில் புதருக்கோ கொண்டுபோய் விட்டுவிடும். பழனி மலையில் ஒருமுறை நானும் முக்கால் மணி நேரம் அப்படி நடந்திருக்கிறேன். என்னைத் திருப்பியது கைப்பேசி அல்ல, ஏறிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை வரைபடத்தில் கண்டதுதான்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் இதற்கு ஏற்றது. அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு; அவை ‘வி’ வடிவில் வளைந்து கூர்முனை மேட்டை நோக்கி இருந்தால் அது ஓடைப்பள்ளம், தாழ்வை நோக்கி இருந்தால் முகடு. பழைய தாள்களை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை புவியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டையும் கலந்தால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். புவியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் கட்டங்களைப் பயன்படுத்துவோர் கொடைக்கானல் 43ஆம் மண்டலத்திலும் கொல்லிமலை 44ஆம் மண்டலத்திலும் இருப்பதை மறக்கக் கூடாது. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது.

திசைகாட்டியில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. காந்த வடக்கும் உண்மை வடக்கும் இங்கே ஓரிரு பாகையே வேறுபடுகின்றன. ஒரு கிலோமீட்டர் நடையில் ஒரு பாகைப் பிழை சுமார் 17 மீட்டர்தான் என்பதால், அத்திருத்தத்தை ஒருநாள் நடையில் விட்டுவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காந்த முள் மேலோ கீழோ சாயாமல் மட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். வடநாடுகளுக்காக எடை சமன் செய்யப்பட்ட முள் இங்கே ஒருபக்கம் சாய்ந்து உரசும். ஆகவே எல்லா மண்டலங்களுக்கும் ஏற்ற முள் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது. இருக்கும் இடத்தையும் போகும் இடத்தையும் இணைக்கும்படி திசைகாட்டியின் நீள விளிம்பை வரைபடத்தில் வைத்து, அதன் வட்டத்தை உள்ளிருக்கும் கோடுகள் வரைபடத்தின் வடக்கோடு இணையாகும் வரை திருப்ப வேண்டும். பின் அதை மார்புக்கு நேரே மட்டமாகப் பிடித்து, சிவப்பு முள் வட்டத்தின் வடக்குக் குறிக்குள் வந்து அமரும் வரை உடலோடு சேர்ந்து திரும்பினால், முன்னம்பு காட்டுவதே போக வேண்டிய திசை. அந்தத் திசையில் தெரியும் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து அதுவரை நடந்து, அங்கிருந்து அடுத்ததைக் குறிக்க வேண்டும். முள்ளைத் திசைமாற்றிவிடும் என்பதால், அப்போது கைப்பேசியும் கத்தியும் அருகில் இருக்கக் கூடாது.

கைப்பேசி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவில் இயங்கும் செயலியில் சமவுயரக் கோடுகளுடன் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, விமானப் பயன்முறையில் வைத்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் தாங்கும். ஆனால் மழையில் தொடுதிரை விரலை அறியாது. அடர்ந்த மரக்கூரையின் கீழ் இடப்புள்ளி தாவித் தாவி நிற்கும். செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையும் வெளிநாட்டுப் பட்டியல்கள் வற்புறுத்தும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஆசையாக வாங்கி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் வகுத்த விதியை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் 600 மீட்டருக்கு ஒரு மணி. 10 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற மூன்றரை மணி என்று வரும்; நம் வெயிலுக்கும் புதருக்கும் இதில் பாதியைக் கூட்டி ஐந்தேகால் மணி என்று கொள்வதே நடைமுறை. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே முடிவுசெய்து எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

வழி தவறியது தெரிந்தால் அங்கேயே நின்று, தெரிந்த கடைசி இடத்துக்கு வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கை இந்த மலைகளில் கொல்லும். ஓடைகள் திடீரென அருவிகளாகச் செங்குத்துப் பாறையில் விழுகின்றன, யானையும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும். திரும்பும் தடமும் தெரியவில்லையென்றால், திறந்த புல்வெளி முகடு அருகில் இருந்தால் அங்கே ஏறி, 112க்கு அழைத்துப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அந்த அழைப்பு போகும். இல்லையேல் நிமிடத்துக்கு ஆறுமுறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், வனச்சரக அலுவலகத்தின் எண், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் அந்த எண்களை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.