சென்னையில் புதிய இசைக்குழு: தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் புதிய இசைக்குழுக்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பல, முதல் மேடையைப் பார்ப்பதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன. கலைந்தவர்களைக் கேட்டால் "யாருக்கும் நேரமில்லை" என்பார்கள். நேரமில்லாமல் போவது பின்னால் வருவது. அதற்கு வெகு முன்பே, ஒருவர் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார், எதற்காக வாத்தியத்தைக் கையில் எடுத்தார் என்று மற்றவருக்குத் தெரியாமலேயே ஒத்திகை தொடங்கியிருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டோ கல்லூரியில் படித்துக்கொண்டோ ஆசைக்காக வாசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் குழு நிலைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேட்டு வளர்ந்ததைப் பேசாமல் தொடங்குவது

இந்த ஊரில் நான்கு பேர் சேர்ந்தால் நான்கு விதமான காதுகள் சேர்கின்றன. பெரம்பூரிலோ சாந்தோமிலோ தேவாலயப் பாடகர் குழுவில் நின்றவருக்குப் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பது இயல்பு. மயிலாப்பூரில் பாட்டு வகுப்புக்குப் போனவருக்கு ஒற்றைக் குரலும் சுருதிப் பெட்டியும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகமும்தான் இசை. வியாசர்பாடியில் கானா கேட்டு வளர்ந்தவருக்குச் சொல்லும் தாளமும் முதலில் வரும். மெட்டு அதற்குப் பிறகுதான். இன்னொருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் மெட்டல் ராக் கேட்டே பள்ளிப் பருவத்தைக் கழித்திருப்பார். முதல் சந்திப்பில் நால்வரும் "எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும்" என்பார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் வளர்ந்தது கேசட் காலம். விருப்பப் பாடல்களை நோட்டுத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். பக்கத்தின் கடைசிப் பாட்டு, சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். அறுந்த இடத்துக்குப் பிறகு வயலின் எங்கே வரும், தபேலா எப்போது நிற்கும் என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பேன். பாடகரைத் தாண்டி ஒரு பாட்டுக்குள் இத்தனை வேலை நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்படித்தான். இன்றும் ஒரு பாட்டைக் கேட்டால் என் காது முதலில் இடையிசைக்குத்தான் போகிறது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருக்கிறது. அது குழுவில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே முதல் சந்திப்புக்கு வாத்தியங்களைக் கொண்டுவர வேண்டாம். ஆளுக்கு ஐந்து பாட்டு. அதில் குறைந்தது மூன்று, பதினைந்து வயதுக்கு முன்பு கேட்டவையாக இருக்கட்டும். நல்ல ஸ்பீக்கரில், முழுதாக, பேசாமல் கேளுங்கள். பிறகு ஒரே கேள்வி: இந்தப் பாட்டில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்? ஒருவர் குரலைச் சொல்வார், ஒருவர் பேஸ் கிட்டாரைச் சொல்வார், இன்னொருவர் பல்லவி முடிந்து தாளம் நிற்கிற அந்த ஒரு கணத்தைச் சொல்வார். ஒரே பாட்டை நால்வரும் நான்கு காரணங்களுக்காக நேசிப்பது அப்போதுதான் வெளிப்படும். உங்கள் குழு எப்படி ஒலிக்கப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

முன்னோடியை நகலெடுப்பதும் மறைப்பதும்

இவை இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள். ஒரு சாரார் தங்களுக்குப் பிடித்தவரின் குரல், ஒலி, உடை வரை பின்பற்றுகிறார்கள். இன்னொரு சாரார் தாங்கள் சினிமாப் பாட்டில் வளர்ந்ததையே வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். ஆங்கிலத்தில் பாடினால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். சென்னை ஐஐடியின் சாரங் விழா மேடையைக் கனவு காணும் கல்லூரிக் குழுக்களில் இந்தக் கூச்சத்தை நிறையப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பாடுவதில் தவறே இல்லை. வளர்ந்த வீட்டின் இசையை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வதுதான் தவறு.

நாம் வணங்குகிறவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976இல் அன்னக்கிளி வந்தபோது கிராமத்து மெட்டும் மாஸ்டரின் பாடமும் ஒரே இசையாகக் கேட்டன. ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் ரோஜாவுக்கு இசையமைப்பதற்கு முன் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ரூட்ஸ் என்ற குழுவிலும் இருந்தார். இருவருமே தாங்கள் கேட்டது எதையும் வீணாக்கவில்லை. அண்மைக்கு வந்தால், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் நின்றன. கானாவைக் கானாவாகவே பாடியவர்கள் அந்த மேடையில் இருந்ததால்தான் அந்த ஒலி உண்மையாக இருந்தது.

வாத்தியத்தைப் பார்த்து ஆள் சேர்ப்பது

"டிரம்மர் கிடைத்துவிட்டார்" என்ற மகிழ்ச்சியில் அவர் ஏற்கெனவே மூன்று குழுக்களில் வாசிப்பதைக் கேட்க மறந்துவிடுவார்கள். கிட்டார்காரர்கள் மூவர் இருப்பார்கள், பேஸ் வாசிக்க ஆள் இருக்காது. இதைவிடப் பெரிய விஷயம் தூரம். ஒருவர் பெரம்பூர், ஒருவர் தாம்பரம், ஒருவர் சோழிங்கநல்லூரில் இரவுப் பணி என்றால், ஒத்திகை எங்கே, எந்தக் கிழமை என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு ஒத்திகை அறைகள் கிடைக்கின்றன. வடபழனிக்கு மெட்ரோவும் வருகிறது. மொட்டை மாடியில் டிரம்ஸ் வைத்து வாசிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. டிரம் செட் அதையெல்லாம் முதல் அடியிலேயே தாண்டிவிடும்.

தன் பகுதியை வீட்டில் பழகாமல் ஒத்திகை அறையில் வந்து பழகுகிறவரை எப்படிக் கையாள்வது? ஒருமுறை நயமாகச் சொல்லுங்கள். மறுமுறையும் அப்படியே வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். மற்றவர்களின் வாடகைப் பணமும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் போகின்றன.

சுருதியைக் கடைசியில் யோசிப்பது

புதிய குழுக்கள் செய்யும் தவறுகளில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். கிட்டாரும் கீபோர்டும் ஒரிஜினல் சுருதியில் பாட்டை மாதக்கணக்கில் பழகியிருப்பார்கள். பாடுகிறவர் வந்து நின்றதும் சரணத்தின் உச்சியில் குரல் கிழியும். உடனே "இன்னும் சாதகம் செய்" என்று அவரிடம் சொல்வார்கள். குரல் உடம்போடு பிறந்தது. அதற்குத்தான் மற்ற வாத்தியங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்ச் சுருதிக் கணக்கில், மேற்கத்திய ஸ்வரமான சி (C) என்பது 1 கட்டை, டி (D) 2, இ (E) 3, ஜி (G) 5 கட்டை. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். ஆண் குரலுக்கு அமைந்த பாட்டைப் பெண் பாடும்போது அப்படியே விட்டால், குரல் அடித் தளத்தில் முனகும், அல்லது எட்டாத உயரத்துக்குப் போகும். சுருதியை மாற்றினால் கீபோர்டுக்கு டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, கிட்டாருக்குக் கேப்போ என்ற கவ்வி இருக்கிறது. மற்றவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த ஸ்வரம் இ. பாட்டை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் அந்த அடி ஸ்வரமே கைக்கு இல்லை. வரியை மேல் ஸ்தாயியில் திருத்தி எழுத வேண்டும். தபேலாக்காரருக்கு வேறு தபேலா தேவைப்படலாம். புல்லாங்குழல் வாசிப்பவர் சுருதிக்கு ஒரு குழல் வைத்திருப்பார். நீங்கள் மாற்றிய சுருதிக்குரிய குழல் அன்று பையில் இல்லையென்றால் அந்த மாலை முழுவதும் அவர் சும்மா உட்கார வேண்டியதுதான். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, தாளமும் பின்னணியும் இல்லாமல் பாடகரைப் பாடவிட்டு, அவருடைய உச்ச ஸ்வரம் சுகமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதை எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அதன் பிறகுதான் மற்ற வாத்தியங்கள்.

நாற்பது வயலினை நால்வர் வாசிக்க முயல்வது

சினிமாப் பாட்டின் அமைப்பு நமக்கு மனப்பாடம்: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதியதை நால்வர் அப்படியே வாசிக்க முயன்றால் கீபோர்டுக்காரரின் தலையில் எல்லாம் வந்து விழும். எதை விடலாம் என்று உட்கார்ந்து யோசியுங்கள். இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடக்கும்; அந்த வரியும் பாடும் குரலும் இருந்தால் வயலின்கள் இல்லாமலே பாட்டு நிற்கும். சில பாடல்களில் இடையிசையின் புல்லாங்குழலைக் கிட்டாருக்கு மாற்றினாலே போதும். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தாளத்தில் ஒரு குறிப்பு. குத்துப் பாட்டும் பறையடியும் பெரும்பாலும் திஸ்ர நடையில் ஓடும், ஓர் அடிக்குள் மூன்றாக. ராக் பழகிய டிரம்மரின் கை ஓர் அடியை நான்காகப் பிரிக்கும். இருவரும் திறமைசாலிகளாக இருந்தும் சேர்ந்து வாசிக்கும்போது ஏதோ இடறுகிறதே என்று குழு குழம்பும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்ள, அந்த இருவர் மட்டும் மெதுவான காலத்தில் உட்காரட்டும். ஒருவர் வாயால் "தகிட தகிட" என்றும், மற்றவர் "தகதிமி தகதிமி" என்றும் ஒரே அடிக்குள் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டும் சந்திக்கும் இடம் முதல் எழுத்து. அது உடம்பில் ஏறிய பிறகு வாத்தியத்தைத் தொடுங்கள்.

சத்தமும் கருவிகளும்

ஒத்திகை அறையில் ஒவ்வொருவரும் தன் சத்தம் கேட்கவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். போன செவித்திறன் திரும்பி வராது. காதடைப்பான் அணியுங்கள், பாடகரின் மைக்குக்கு ஏற்ப மற்றவர்கள் இறங்கி வாருங்கள்.

விலை உயர்ந்த கிட்டாரை முதல் மாதத்திலேயே வாங்காதீர்கள். கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். மேடையில் முதலில் காலை வாருவது கேபிள்தான். கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது தினசரிப் பழக்கமாகட்டும்.

மேடையில் எர்த்தைப் பார்க்காமல் ஏறுவது

இது உயிர் சம்பந்தப்பட்டது. ஆடி மாதக் கோயில் விழாவில், தெருமுனை மேடையில், கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் இடத்திலிருந்தும் மிக்ஸருக்கு வேறோர் இடத்திலிருந்தும் மின்சாரம் எடுத்திருப்பார்கள். கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடும், மைக்கின் உலோக வலை மிக்ஸரின் எர்த்தோடும் இணைந்தவை. இரண்டில் ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். மழை ஈரம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மேடைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பிலிருந்து, முறையான எர்த்தோடு மின்சாரம் கேளுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாரும் உடைக்க விடாதீர்கள். பத்து நிமிடம் முன்பே வந்து, டெஸ்டரால் தந்தியையும் மைக்கையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள், ஏற்பாட்டாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் மேடைக்கு ஏறுமுன் பெயர் சொல்லி அறிமுகமாகி, எத்தனை மைக், எத்தனை மானிட்டர் (வாசிக்கிறவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்) தேவை என்று தாளில் எழுதிக் கொடுங்கள். பறை இருந்தால் தோலைச் சூடேற்ற நெருப்புக்கு இடம் வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரம்பு இருப்பதால், நிகழ்ச்சி தாமதமானால் உங்கள் கடைசிப் பாட்டுகள்தான் வெட்டுப்படும். நல்ல பாட்டைக் கடைசிக்கு ஒளித்து வைக்காதீர்கள்.

யார் எழுதியது என்று எழுதி வைக்காதது

சொந்தப் பாட்டு பிறக்கும் அன்று எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். அன்றே கேட்டுவிடுங்கள். இந்தியச் சட்டப்படி உரிமை மெட்டமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும் தனித்தனியாக உண்டு. பதிவு செய்யாமலே அது பிறந்துவிடுகிறது. குழு கலைந்த பிறகு அதே பாட்டை யார் பாடலாம் என்ற சண்டையில் நல்ல நட்புகள் போவதைப் பார்க்கிறேன். நால்வரின் பெயரும் தேதியும் போட்டு ஒரு செய்தி அனுப்பி, எல்லோரும் "சரி" என்று பதில் போட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

சினிமாப் பாட்டை மறுபதிவு செய்து வெளியிட விரும்பினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைப் படியுங்கள். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து ஒலிப்பதிவு வெளியிடலாம். வீடியோவுக்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்.

பாட்டு எழுத ஆள் இல்லை என்று தயங்குகிறவர்களுக்குப் பாரதி இருக்கிறார். அவருடைய படைப்புகள் 1949இல் நாட்டுடைமையாயின. அவர் வரிகளுக்கு நீங்கள் புது மெட்டுப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேறொருவர் அமைத்த மெட்டைப் பயன்படுத்தினால் மட்டும் அந்த மெட்டுக்கு உரிமை பார்க்க வேண்டும். குறுந்தொகையும் சித்தர் பாடல்களும் அதேபோல் திறந்தே கிடக்கின்றன.