பேஸ் வாசித்தவரின் பெயரைப் பாருங்கள்: ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் ஜாஸ் இசைத்தட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உறையின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய பெயரைச் சற்று மறந்துவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களைப் படியுங்கள். டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நேரே அதை வாசித்தவரின் பெயரும், பல தட்டுகளில் ஒலிப்பதிவாளரின் பெயரும் அங்கே இருக்கும். அடுத்து எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை அந்தச் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. தவறவிடக் கூடாத நூறு தட்டுகள் என்ற வகைப் பட்டியலை வைத்துக்கொண்டு சேர்த்தவர்களின் அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவை அச்சில் வார்த்தவை போல ஒன்றாகவே இருக்கின்றன, அவற்றில் பாதித் தட்டுகள் ஒருமுறைக்கு மேல் சுழன்றதில்லை. பட்டியல் உங்களுக்குத் தட்டுகளைத் தரும், ஆனால் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழியைத் தராது.

எனக்கு அந்த வழியைக் காட்டியவர் பால் சேம்பர்ஸ் என்ற டபுள் பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியம்) கலைஞர். பெரும்பாலோர் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன்: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த 30-ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. அதன் முதல் உருப்படியில் பல்லவியைப் போன்ற தலைப்பு மெட்டை வாசிப்பது டிரம்பெட்டோ சாக்ஸபோனோ அல்ல, பேஸ். மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரங்களில் அதற்குப் பதில் சொல்கின்றன. யார் இவர் என்று உறையைத் திருப்பிப் பார்த்ததில் கிடைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஏறக்குறைய அந்தக் காலத்து ஜாஸ் முழுவதும் கண்முன் விரிகிறது.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957 செப்டம்பர் 15 அன்று ப்ளூ நோட் நிறுவனத்துக்குப் பதிவு செய்த ‘ப்ளூ டிரெய்ன்’ தட்டில் சேம்பர்ஸ் இருக்கிறார். அதே தட்டில் டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கன் என்ற இளைஞர் அங்கிருந்து உங்களை வேறொரு பாதையில் அழைத்துச் செல்வார். கோல்ட்ரேன் 1959-இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்குப் பதிவு செய்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டில் ஓர் உருப்படிக்கு ‘மிஸ்டர் பி.சி.’ என்றே பெயர். பால் சேம்பர்ஸின் முதலெழுத்துகள் அவை. பியானோ கலைஞர் சன்னி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ 1958-இல் பதிவானபோதும் சேம்பர்ஸ்தான் பேஸ். அமெரிக்காவில் அதிகம் விற்காத அந்தத் தட்டை ஜப்பானிய ரசிகர்கள் பின்னாளில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக மைல்ஸ் டேவிஸ் குழு 1956-இல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாள்களில் பதிவு செய்தவை நான்கு தட்டுகளாக வந்தன, நான்கிலும் சேம்பர்ஸ். 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றிருந்தபோது, பியானோ கலைஞர் ரெட் கார்லண்ட், டிரம்ஸ் கலைஞர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, ஆர்ட் பெப்பர் என்ற ஆல்டோ சாக்ஸபோன் கலைஞருக்குப் பக்கபலமாக கான்டெம்பரரி நிறுவனத்தின் தட்டு ஒன்றில் வாசித்தார். 1961-இல் சாக்ஸபோன் கலைஞர் ஆலிவர் நெல்சனுக்காக இம்பல்ஸ் நிறுவனத்தில். சேம்பர்ஸ் 1969 ஜனவரியில் 33 வயதில் இறந்துபோனார். ஆறு நிறுவனங்கள், ஒரே ஒரு பேஸ்: நிறுவனத்துக்கு ஒன்றாக ஆறு தட்டுகளை வாங்கினால் போதும், பட்டியலில் இருக்கும் நூறும் உங்களுக்கு எதற்கு என்று தோன்றும். நீங்கள் டிரம்ஸ் கலைஞரையோ பியானோ கலைஞரையோ பின்தொடரலாம். முன்னால் நிற்பவரைவிடப் பக்கவாத்தியக்காரரைப் பின்தொடர்வது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அவர்கள்தாம் எல்லாருடைய கச்சேரியிலும் இருப்பார்கள்.

இப்படிப் போகும்போது ஒலிப்பதிவாளர்களில் ஒரு பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்: ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஊரில் தம் பெற்றோரின் வீட்டுக் கூடத்தில் ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் நிறுவனங்களுக்காகப் பதிவு செய்தவர் அவர். 1959-இல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக் கூரையுடன் தனிக் கூடம் கட்டிக்கொண்டார். மேலே சொன்னவற்றுள் ‘ப்ளூ டிரெய்ன்’ அந்த வீட்டுக் கூடத்திலும், நெல்சனின் தட்டு புதிய கூடத்திலும் பதிவானவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அறையின் அளவு மாறியது காதுக்கே தெரியும்.

இனி எந்தப் பதிப்பை வாங்குவது என்ற சிக்கல். ப்ளூ நோட்டின் முதல் பதிப்புகளைத் தேடுவோர் லேபிளில் அச்சாகியிருக்கும் முகவரியைப் பார்க்கிறார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில், காது போலத் தோன்றும் ஒரு சிறு கீறலெழுத்தையும் பார்க்கிறார்கள். அது பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் அடையாளம். 1966 வாக்கில் நின்றுபோயிற்று. சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியின் 1568 என்ற எண்ணிட்ட தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோவதற்கு, ஒரு பக்க லேபிளில் ஒரு முகவரியும் மறுபக்கத்தில் இன்னொன்றும் இருப்பது போன்ற நுணுக்கங்களும் ஒரு காரணம். இது நாணயம் சேர்ப்பவரின் இன்பம். அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் இசை கேட்பவருக்கு அது தேவையில்லை. கேட்பவருக்குப் பயன்படும் செய்தி வேறு: அதே வளையத்தில் வான் கெல்டர் என்ற முத்திரை இருந்தால், அந்தத் தட்டை அச்சிடுவதற்கான மூல வார்ப்பில் பள்ளத்தை அவரே வெட்டினார் என்று பொருள். காது அடையாளம் இல்லாமல் அந்த முத்திரை மட்டும் இருக்கும் 1960-களின் பிற்பகுதித் தட்டுகள், முதல் பதிப்பின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. ஒலியில் அவ்வளவு வேறுபாடு இல்லை. புதிதாகத்தான் வாங்குவேன் என்போருக்கு, ப்ளூ நோட் 2019 முதல் வெளியிடும் டோன் போயட் வரிசையைச் சொல்வேன். அசல் மூல நாடாக்களிலிருந்து கெவின் கிரே என்ற ஒலிப் பொறியாளர் வெட்டித் தருபவை அவை. பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, கான்டெம்பரரி தட்டுகளுக்கு 1980-களில் தொடங்கிய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் மறுபதிப்புகளும், கிடைத்தால் பழைய ஜப்பானிய மறுபதிப்புகளும் நல்லவை.

மறுபதிப்பே அசலைவிடச் சரியாக இருக்கும் இடமும் உண்டு. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் பதிவான 1959 மார்ச் 2 அன்று நாடாப் பொறி ஒன்று சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவிலிருந்து செய்த தட்டுகளில் மூன்று உருப்படிகளின் சுருதியும் சிறிது ஏறியே ஒலிக்கிறது. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவிலிருந்து 1992-இல்தான் இது திருத்தப்பட்டது. தட்டோடு சேர்ந்து வயலினோ புல்லாங்குழலோ வாசித்துப் பழக நினைப்பவர்கள் திருத்திய பதிப்பையே வாங்க வேண்டும்.

பழைய தட்டு வாங்குகையில் விற்பவர்கள் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), குட் என்று தரம் சொல்வார்கள். இதில் ‘குட்’ என்பது நல்லது என்ற பொருளில் வருவதில்லை. எரிச்சல் இல்லாமல் கேட்க முடியாத தட்டு என்று புரிந்துகொள்ளுங்கள். விஜி பிளஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது தொடங்குபவருக்கு நலம். நேரில் பார்க்க முடிந்தால் ஒரே ஒரு விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் ஒலியில் வராது. தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் கோடுகள் நிறைய இருந்தால் தட்டு மிகவும் ஓடியது என்று அறியலாம். கண்ணுக்கு அகப்படாத கேடு பள்ளத்தின் தேய்மானம்: கனமான ஊசிக் கைகளால் பல நூறு முறை ஓடிய தட்டு பளபளப்பாகவே இருக்கும், ஆனால் டிரம்பெட் உரத்து எழும்பும்போது கரகரக்கும். அதிலும் பக்கத்தின் கடைசி உருப்படியைத்தான் சோதிக்க வேண்டும். 33⅓ சுற்று வேகத்தில் ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிளின் அருகே 21 சென்டிமீட்டர்தான். அதே இசை குறைந்த இடத்தில் நெருக்கப்படுவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் குரல் கொடுக்கும். இதை அறியாத நாள்களில், முகம் பார்க்கலாம் போல மின்னிய ஒரு தட்டுக்கு நல்ல விலை கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

ஸ்டீரியோ எல்.பி.க்கள் (33⅓ சுற்றுத் தட்டுகள்) 1958-இல் பரவலாகக் கடைக்கு வந்தன. அதன்பின் சுமார் பத்தாண்டுகள் பல தட்டுகள் மோனோவாகவும் (ஒரே ஒலித்தடம்) ஸ்டீரியோவாகவும் (இடம், வலம் என இரண்டு தடங்கள்) இரண்டு பதிப்புகளில் விற்கப்பட்டன. தொடக்கக்கால ஸ்டீரியோவில் சாக்ஸபோன் ஒரு மூலையிலும் டிரம்ஸ் மறுமூலையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு 1950-களின் சிறு குழுக்கள் மோனோவில் ஒரே உடலாக ஒலிப்பதே பிடிக்கும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெட்டிக்குள் அடக்கமாக வரும் மலிவான சூட்கேஸ் பிளேயர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல ஊசியை ஐந்து கிராம் அளவுக்கு அழுத்துகின்றன, எடையைச் சரிசெய்ய வழியும் இல்லை. ஊசிக் கையின் பின்முனையில் எதிர் எடையும், மாற்றத்தக்க கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கும் பகுதி) உள்ள சாதாரண டர்ன்டேபிள் போதும். கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொல்லும் அழுத்தத்தை, பெரும்பாலும் 2 கிராமை ஒட்டியது, சிறு தராசு வைத்து அளந்து அமையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குறைந்த எடையில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சுவரைச் சிதைக்கிறது. டர்ன்டேபிளை நீர்மட்டம் பார்த்துச் சமமாக வையுங்கள், ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைக்காதீர்கள். பேஸ் வாத்தியத்தைக் கேட்பதற்காகச் சேர்க்கும் தட்டுகளில், மேசையின் அதிர்வே பேஸாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தட்டுகள் பழக்கப்பட்டவை அல்ல. மூடிய காரில் ஒரு பிற்பகல் விட்டுவைத்தால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும். அடுக்கிப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். உறையோடு நூறு தட்டுகள் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ வரை இருக்கும் என்பதை அலமாரி செய்யும் தச்சரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் தட்டின் மேல் மங்கலான படலத்தை ஏற்படுத்துவதால் பாலித்தீன் உறைகளே ஏற்றவை. கழுவுவதற்கு காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள், குழாய்த் தண்ணீரின் உப்பு பள்ளத்தில் படியும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளும் வீட்டில் இருந்தால் அவற்றில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது; அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

கேட்பதற்கு ஒரு பக்கத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது அல்லது இருபத்தைந்து நிமிடம் என்பது கவனம் சிதறாமல் உட்காரக்கூடிய நேரம்; ஒரே மூச்சில் நான்கு தட்டுகளைக் கேட்பவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. முதல் முறை முழுவதையும் கேளுங்கள், அடுத்த நாள் அதே பக்கத்தில் பேஸை மட்டும் கேளுங்கள், மூன்றாம் நாள் டிரம்ஸின் சிம்பல் ஒலியை மட்டும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் உருப்படி எழும்பும் சுரவரிசை நம் கரகரப்பிரியாவின் சுரவரிசைதான். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு பார் என்று எண்ணிக்கொண்டு போனால், 16 பார் கழிந்ததும் ஆதார ஷட்ஜமே அரைப்படி மேலேறி, 8 பார் அங்கேயே நின்று, மீண்டும் 8 பாருக்குப் பழைய இடத்துக்கு இறங்கும். இந்த 32 பார் சுற்றை விரலில் எண்ணப் பழகிவிட்டால், தனி வாசிப்பில் ஒருவர் எங்கே தொடங்கினார், எங்கே முடித்து அடுத்தவரிடம் கொடுத்தார் என்பது தெளிவாகத் தெரியத் தொடங்கும். இந்த இசை புரியவில்லை என்ற தயக்கமும் அன்றோடு போய்விடும்.

பிறகு எழுந்து தட்டைத் திருப்புங்கள். இரண்டாம் பக்கத்தில் முதலில் வரும் பதினொன்றரை நிமிட உருப்படியில் பேஸ் ஏறக்குறைய தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சிறு சொற்கட்டைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மற்றவர்கள் அனைவரும் அதன் மேல் நின்றுதான் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் பதிவான நாள் 1959 ஏப்ரல் 22. சேம்பர்ஸுக்கு அன்று 24 வயது நிறைந்தது.