பார்ட்-டைம் வேலையும் பிரசவ விடுப்புப் பணமும்: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிட்னியில் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும், "பார்ட்-டைம்காரங்களுக்கு அதெல்லாம் தரமாட்டாங்க" என்று அடித்துச் சொல்ல ஓர் அண்ணன் இருப்பார். நம்பாதீர்கள். அரசு தரும் பெய்ட் பேரன்டல் லீவ், அதாவது பிரசவ விடுப்புப் பணம், பார்ட்-டைமுக்கும் உண்டு, நிரந்தர மணி நேரம் இல்லாமல் கூப்பிட்டபோது போகும் கேஷுவலுக்கும் உண்டு, சொந்தத் தொழில் செய்பவருக்கும் உண்டு. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டு இடத்து மணி நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இந்தியாவில் 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளம்; கொடுப்பது முதலாளி. இங்கே பணம் அரசுடையது, எல்லோருக்கும் ஒரே தொகை. 2025 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைக்கு 24 வாரம், 2026 ஜூலையிலிருந்து 26 வாரம். 2025 ஜூலை நிலவரப்படி வாரத்துக்கு வரிக்கு முன் சுமார் 948 டாலர். வாரம் இரண்டு நாள் மட்டும் வேலைக்குப் போகிறவருக்கும் அதே 948தான். அவர் சம்பளத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரசு சேவைகளுக்கான இணையக் கணக்கான மைகவ்-இல், உதவிப் பணம் தரும் அரசுப் பிரிவான சென்டர்லிங்கை இணைத்து, பிரசவத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். வருமான உச்சவரம்பு உண்டு. நம்மில் பலருக்கு அது எட்டாத உயரம். குழந்தை பிறந்ததற்குச் சான்றாக ஆஸ்பத்திரியில் தரும் நியூபார்ன் சைல்டு டிக்ளரேஷன் படிவத்தைத் தொலைக்காதீர்கள். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் விசா) வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களில் பெரும்பாலோர் காத்திருக்க வேண்டும். ஸ்டூடன்ட் விசாவுக்குக் கிடையாது. குழந்தையின் அப்பாவுக்கென்று சில வாரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவர் எடுக்காவிட்டால் போய்விடும். மாமியார் என்ன சொன்னாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறப்பதற்கு முந்தைய 13 மாதத்தில் 10 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த 10 மாதத்தில் மொத்தம் 330 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஒரு நாளைவிடக் கொஞ்சம் அதிகம். இதில் யாரும் சறுக்குவதில்லை. சறுக்குவது மூன்றாவது நிபந்தனையில்: ஒரு வேலை நாளுக்கும் அடுத்த வேலை நாளுக்கும் நடுவில் 12 வாரத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

என் தோழி ஒருத்தி ஏஜ்டு கேரில் (முதியோர் பராமரிப்பில்) வாரம் மூன்று ஷிஃப்ட் பார்த்தாள். 330 மணி நேரமெல்லாம் அவளுக்குச் சில மாதக் கணக்கு. தம்பி கல்யாணத்துக்கு சிங்கப்பூர் வழியாகத் திருச்சி போனாள். கையிலிருந்த ஆனுவல் லீவை முதலிலேயே மொத்தமாக எடுத்துவிட்டு, மீதியைச் சம்பளமில்லாத விடுப்பாகப் போட்டாள். கல்யாணம் முடிந்ததும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அம்மாவை வாக்கர் பிடித்து நடக்க விட்டுவிட்டு எந்தப் பெண் விமானம் ஏறுவாள்? வேலையிடத்திலும் "நிதானமாக வா" என்றார்கள். கடைசியில், விலை குறைவு என்று வெள்ளிக்கிழமை டிக்கெட்டை அடுத்த புதன்கிழமைக்கு மாற்றினாள். அந்தச் சில நாளில் 12 வாரம் தாண்டிவிட்டது. ஊரில் இருக்கும்போதே தலைசுற்றல் ஆரம்பித்திருந்தது, வெயில் என்று நினைத்திருக்கிறாள். திரும்பி வந்து எட்டாம் மாதம் வரை வேலை பார்த்தும் பயனில்லை. இடைவெளி அந்த 13 மாதத்தின் சரியாக நடுவில் விழுந்ததால், அதற்கு முன்னாலும் 10 மாதம் தேறவில்லை, பின்னாலும் தேறவில்லை. இன்றைய கணக்கில் இருபதாயிரம் டாலருக்கு மேல் போன பணம்.

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் என்னவென்றால், சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பும் வேலை நாளாகவே கணக்காகும். அந்த ஆனுவல் லீவில் ஒரே ஒரு நாளை எடுத்து நடுவில் போட்டிருந்தால் இடைவெளி இரண்டாக உடைந்திருக்கும். இதை அவளுக்குச் சொல்ல நம் பிறந்தநாள் விருந்துகளில் ஓர் ஆள் இல்லை. பிரியாணிக்கு எங்கே நல்ல மட்டன் கிடைக்கும் என்று சொல்ல பத்துப் பேர் இருந்தார்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவது இந்தக் கணக்கைக் கெடுக்காது. அதற்குள் 10 மாதம் நிறைந்துவிட்டால் மீதி மூன்று மாதம் உங்களுடையது. ஆபத்து அதற்கு முந்தைய பயணத்தில். 13 மாதம் என்பது கர்ப்பத்துக்கு முன்பே நாலு மாதம் பின்னால் போகிறது. ஆகவே குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்ததுமே, ஊர்ப் பயணத்தின் கடைசி வேலை நாளையும் திரும்பி வேலைக்குப் போகும் நாளையும் காலண்டரில் குறித்து வாரங்களை எண்ணிவிட்டு டிக்கெட் போடுங்கள். கேஷுவலாக இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு ஆனுவல் லீவ் கிடையாது, அவர்கள் 12 வாரத்துக்குள் திரும்பியே ஆக வேண்டும். கர்ப்பகாலச் சிக்கல், குறைப்பிரசவம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு இல்லை.

அப்புறம், நம்மவர் கடைகளில் கையில் காசு கொடுத்து, பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) தராமல் வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மணி நேரத்தை நாளைக்கு எதை வைத்துக் காட்டுவீர்கள்? சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். கேட்டு வாங்குங்கள். "நம்ம பொண்ணுதானே, அதெல்லாம் எதுக்கும்மா" என்று சிரித்தால், மறுநாளும் கேளுங்கள்.