இந்த வருஷம் ஆடியதில் பிடித்த கேம்கள்: பட்டியல் போடுவது எப்படி

டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து, பிடித்த கேம்களை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தால் பட்டியல் பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று மாதங்களைச் சுற்றியேதான் வரும். ஜனவரியில் தூங்கவிடாமல் பிடித்து வைத்த கேம், ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று பின்னால் போய்விடும். அதனால் என்னென்ன ஆடினோம் என்பதை முதலில் ஆதாரத்தோடு எடுத்து வைத்துக்கொண்டு, எது பிடித்தது என்ற கேள்வியைப் பிறகு எடுப்பதே சரி. இரண்டு மாலை நேரம் போதும். முதல் மாலை திரட்டுவதற்கு, இரண்டாவது வரிசைப்படுத்தி எழுதுவதற்கு. நடுவில் ஓரிரு நாள் இடைவெளி விட்டால் மறந்துபோன ஒரு கேமாவது தானாக ஞாபகத்துக்கு வரும்.

திரட்டுவது

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆறு நெடுவரிசைகள் போடுங்கள்: கேம், எதில் ஆடியது, தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், மணி நேரம், முடித்ததா விட்டதா. மதிப்பெண்ணுக்கு இடம் வைக்காதீர்கள். பிப்ரவரியில் கொடுத்த 9-ம் நவம்பரில் கொடுத்த 9-ம் ஒரே அளவுகோல் இல்லை. எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு அதற்கு நியாயம் தேடுவதிலேயே மாலை போய்விடும்.

கணினியில் ஆடுபவர்களுக்கு, கேம் விற்கும் தளமான ஸ்டீம்தான் பெரிய சுரங்கம். 2022 முதல் ஆண்டு முடிவில் ஸ்டீம் ரீப்ளே என்ற பக்கம் வருகிறது. எந்தக் கேம், எந்த மாதம், எத்தனை அச்சீவ்மென்ட் (கேமுக்குள் செய்த சாதனை) என்று பிரித்துக் காட்டும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கணக்கு டிசம்பர் நடுவிலேயே எடுக்கப்படுகிறது, ஆஃப்லைனில் ஆடிய நேரம் சேராது. லைப்ரரியில் தெரியும் மொத்த மணி நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு: கேமை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரமும் அதில்தான் ஏறும். 70 மணி நேரம் என்று காட்டும் கேமை நிஜத்தில் 50 மணி நேரம் ஆடியிருக்கலாம்.

பிளேஸ்டேஷனின் ஆண்டு இறுதித் தொகுப்பு, அந்த வருஷம் குறைந்தது 10 மணி நேரமாவது ஆடியவர்களுக்குத்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் டிராஃபி (பிளேஸ்டேஷனின் அச்சீவ்மென்ட்) பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு டிராஃபிக்கும் தேதி உண்டு. முதல் டிராஃபி ஏறக்குறைய தொடங்கிய நாள், கடைசி டிராஃபி ஏறக்குறைய நிறுத்திய நாள். இடையில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மார்ச் முதல் வாரத்தில் ஐந்து டிராஃபி, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் கேம் கைவிடப்பட்டது என்று அர்த்தம், நீங்கள் என்னதான் "பாதிக்கு மேல் ஆடினேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தாலும். நின்டெண்டோவின் ஸ்விட்ச், ஆடிய நேரத்தைத் துல்லியமாகக் காட்டாது; சுயவிவரப் பக்கத்தில் ஐந்து ஐந்து மணி நேரமாகத்தான் ஏறும். மொபைல் கேம்களுக்குப் போனின் திரை நேரக் கணக்கு சில வாரங்களுக்கு மேல் உதவாது.

எல்லோரும் மறந்துவிடும் ஆதாரம் ஒன்று இருக்கிறது: ஸ்கிரீன்ஷாட்டின் ஃபைல் பெயர். ஸ்டீமில் எடுத்த படத்தின் பெயர் 20240317213045 என்று தொடங்கினால், 2024 மார்ச் 17, இரவு 9 மணி 30 நிமிடம் 45 விநாடி. ஸ்விட்ச் படங்களின் பெயரும் இதே வரிசையில்தான் தொடங்கும். எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டுப் பெயர் வாரியாக அடுக்கினால் வருஷம் கண்முன் விரியும். எந்தக் கேமில் படமாக எடுத்துத் தள்ளினீர்கள், எதில் ஒன்றுகூட எடுக்கவில்லை என்பது எந்த மணிக் கணக்கையும்விட உண்மையைச் சொல்லும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பிளேஸ்டேஷன் டிராஃபி கிடைக்கும்போதெல்லாம் தானாகவே படம் எடுக்கும், அவற்றை முதலில் அழித்துவிடுங்கள்.

வாங்கிய ரசீது மின்னஞ்சல்களைக் கடைசியாகப் பாருங்கள். வாங்கியதும் ஆடியதும் வேறு வேறு என்பது தள்ளுபடி விற்பனையில் கேம் வாங்கும் யாருக்கும் தெரியும். சந்தாவில் ஆடிய கேம்களுக்கு ரசீதே இருக்காது, லைப்ரரியை விட்டுப் போயிருந்தால் தடமும் குறைவு. அவற்றை அச்சீவ்மென்ட் பட்டியலில் தேடுங்கள்.

எது கணக்கில் வரும்

விதிகளை வரிசைப்படுத்தும் முன் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால், ஏற்கெனவே மனதில் இருக்கும் கேமுக்கு ஏற்றபடி விதி வளைந்துவிடும்.

பெரிய கேள்வி: இந்த வருஷம் வெளியானதா, இந்த வருஷம் ஆடியதா? விருது விழாக்களுக்கு வெளியீட்டுத் தேதி தேவை. அப்படியும் கோடு போடுவது சுலபமில்லை. 2018 டிசம்பர் 7-ல் வெளியான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட், அந்த வருஷத்து தி கேம் அவார்ட்ஸ் முடிந்த மறுநாள் வந்ததால், 2019 விழாவில்தான் ஆண்டின் சிறந்த கேம் போட்டிக்குள் நுழைந்தது. தனிமனிதப் பட்டியலுக்கு இந்தத் தலைவலி எதற்கு? ஆடிய வருஷத்தையே வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸை நீங்கள் இப்போதுதான் ஆடினீர்கள் என்றால் அது உங்கள் இந்த வருஷத்துக் கேம்தான். பெயருக்குப் பக்கத்தில் வெளியான ஆண்டைப் போட்டுவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

ஏர்லி ஆக்சஸ் (முழுதாகத் தயாராகும் முன்பே விற்பனைக்கு வரும்) கேம்களில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். பால்டர்ஸ் கேட் 3 2020 அக்டோபரிலேயே ஏர்லி ஆக்சஸில் வந்தது. முழு வடிவம் 2023 ஆகஸ்டில். 2020-ல் இருந்தது முதல் அத்தியாயம் மட்டும்தான். இது மாதிரிக் கேமை அரைகுறையாக ஆடிய வருஷத்தில் சேர்த்துவிட்டு, முழுதாக ஆடிய வருஷத்தில் "ஏற்கெனவே சொல்லிவிட்டேனே" என்று விட்டுவிடுவது வீண். 1.0, அதாவது முழு வடிவம், வந்த பிறகு ஆடியதையே கணக்கில் எடுங்கள். ஏர்லி ஆக்சஸில் ஆடியதைத் தனி வரியில் குறிப்பிட்டால் போதும்.

டிஎல்சி-க்கு (கேம் வந்த பிறகு அதற்குச் சேர்க்கும் கூடுதல் பகுதி) ஒரு சோதனை: அதை மட்டும் தனியாக ஒருவருக்குச் சிபாரிசு செய்ய முடியுமா? எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ போல சொந்த நிலப்பரப்பும் சொந்த பாஸ்களும் (பெரிய எதிரிகள்) கொண்டதென்றால் தனி இடம் கொடுக்கலாம். 2024-ல் விருதுக் குழுவே அதை ஆண்டின் சிறந்த கேம் போட்டியில் சேர்த்தது. நான்கு உடைகளும் ஒரு மேப்பும் வந்த டிஎல்சி தாய்க் கேமோடு போகட்டும். பழைய கேமைப் புதிதாகவே உருவாக்கிய ரீமேக் தனிக் கேம். தெளிவை மட்டும் கூட்டிய ரீமாஸ்டர் தனி இல்லை.

முடிக்காத கேம்? சேர்க்கலாம், ஆனால் எங்கே நிறுத்தினீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். சில கேம்களில் கிரெடிட்ஸ் ஓடுவதே முடிவு இல்லை. நியர் ஆட்டோமேட்டாவில் முதல் கிரெடிட்ஸ் ஓடியதும் மூடியவர் கதையின் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை. ஹேடஸில் பாதாளத்திலிருந்து ஒருமுறை தப்பித்துவிட்டால் கதை முடியாது. கிரெடிட்ஸ் வரப் பத்து முறை தப்பிக்க வேண்டும். வருஷம் முழுக்கத் தினமும் அரைமணி நேரம் ஓடும் ஆன்லைன் கேம்களை வரிசைக்குள் கொண்டுவராதீர்கள். அவை பழக்கம், பழக்கத்தையும் கேமையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. பட்டியலுக்கு வெளியே ஒரு பத்தி எழுதுங்கள்.

வரிசைப்படுத்துவது

திரட்டியதில் முப்பது கேம் இருக்கிறதென்று வையுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் படித்து, அதில் ஒரு காட்சியோ சத்தமோ உடனே ஞாபகம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐந்து விநாடியில் ஒன்றும் வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள். நல்ல கேமாகவே இருக்கலாம். பிடித்த கேம் இல்லை. இதில் பாதிக்கு மேல் போய்விடும்.

மிஞ்சியது பன்னிரண்டு என்றால், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட 66 ஜோடிகள் பார்க்க வேண்டும். தேவையில்லை. இப்படிச் செய்யுங்கள்:

1. ஏதாவது இரண்டை எடுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள்.
2. அடுத்த கேமை இதுவரை அடுக்கிய வரிசையின் நடுவில் உள்ள கேமோடு ஒப்பிடுங்கள். அதைவிடப் பிடிக்குமா? மேல் பாதிக்குப் போங்கள். இல்லையா? கீழ்ப் பாதிக்கு.
3. அந்தப் பாதியின் நடுவோடு மறுபடி ஒப்பிடுங்கள். இடம் கிடைக்கும் வரை இதே வேலை.

பன்னிரண்டு கேமுக்கு 33 ஒப்பீட்டுக்கு மேல் போகாது. கேள்வியை மாற்றாமல் கேட்பது முக்கியம். "எது சிறந்தது" என்று கேட்டால் பட்ஜெட்டும் கிராஃபிக்ஸும் உள்ளே வந்துவிடும். "இரண்டில் ஒன்றை ஆடிய ஞாபகமே இல்லாமல் அழித்துவிட வேண்டும் என்றால் எதை விடமாட்டேன்" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். அந்தப் பதில் கௌரவமாக இல்லாமலும் போகலாம், மாற்றாதீர்கள்.

மணி நேரம் இங்கே பொய் சொல்லும். வெண்பா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பெர்சோனா 5 நூறு மணி நேரம் இழுக்கும். நூறு மணி நேரம் செலவழித்துவிட்டோமே என்பதற்காக அதை மேலே வைக்கும் சபலம் எல்லோருக்கும் உண்டு. ஸ்ப்ரெட்ஷீட்டில் மணி நேர நெடுவரிசையை மறைத்துவிட்டு அடுக்குங்கள், எழுதும்போது திறந்துகொள்ளலாம்.

முதல் மூன்றும் கடைசி இரண்டும்தான் திண்டாட்டம் தரும். நடுவில் இருப்பவை ஒரு இடம் முன்பின் ஆனால் யாரும் கவலைப்படப் போவதில்லை. பத்து என்று முடிவு கட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஏழுதான் தேறியது என்றால் ஏழே போடுங்கள். எண்ணிக்கைக்காகச் சேர்த்த மூன்று கேம்களைப் படிப்பவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எழுதுவது

ஒரு கேமுக்கு 80 முதல் 150 சொற்கள். கதைச் சுருக்கம் இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். அது கேமின் ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கிறது. "கேம்ப்ளே அருமை, இசை அற்புதம்" என்ற வரி எந்தக் கேமுக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பயன்படாது. கை என்ன செய்தது, கண் எதைப் பார்த்தது என்று எழுதுங்கள்.

செலஸ்டேயை எடுத்துக்கொள்வோம். "கன்ட்ரோல் துல்லியம்" என்று எழுதலாம். அல்லது: காற்றில் ஒருமுறை டேஷ் செய்ததும் (சட்டென்று பாய்ந்ததும்) நாயகி மேடலினின் சிவப்பு முடி நீலமாகிவிடும், தரையைத் தொட்டதும் திரும்பச் சிவக்கும், அதனால் திரை மூலையில் எந்த மீட்டரையும் பார்க்க வேண்டியதில்லை, கண் பாத்திரத்தை விட்டு நகர்வதே இல்லை. செத்தால் ஒரு விநாடிக்குள் அதே அறையில் நிற்பீர்கள், அதனால் ஐம்பது முறை விழுந்தும் கோபம் வருவதில்லை. இரண்டாவது வகையைப் படித்தவருக்கு அந்தக் கேம் தனக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குறையாவது சொல்லுங்கள். முதலிடத்தில் இருப்பதற்கும்தான். கடைசி அத்தியாயம் இழுக்கிறதா, எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சின்னதா, இன்வென்டரியை (சேர்த்த பொருட்களை) அடுக்குவதிலேயே பொழுது போகிறதா? குறையைச் சொல்லியும் மேலே வைத்திருக்கிறார் என்றால்தான் அந்த இடத்துக்கு மரியாதை. பேட்ச் (திருத்த அப்டேட்) வந்து நிலைமை மாறிய கேமாக இருந்தால் எந்த மாதம் ஆடினீர்கள் என்பதையும் போடுங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 ஆடியவரும் 2023-ல் 2.0 பேட்சுக்குப் பிறகு ஆடியவரும் ஏறக்குறைய இரண்டு கேம்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஸ்பாய்லருக்கு (முன்கூட்டியே ரகசியத்தை உடைப்பதற்கு) ஒரே விதி எல்லாக் கேமுக்கும் ஒத்துவராது. சண்டைக் கேமில் கடைசி பாஸின் பெயரைச் சொன்னாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் போல கண்டுபிடிப்பதே கேமாக இருந்தால், ஒரு படம்கூடப் பாதிக் கேமைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்த படத்தை மட்டும் போடுங்கள். படத்தின் அடியில் சப்டைட்டில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். வாய் சொல்லாததை சப்டைட்டில் சொல்லிவிடும்.

படம் வெளிறிப்போய்த் தெரிந்தால் பெரும்பாலும் எச்டிஆர்தான் (ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் திரை முறை) காரணம். எச்டிஆரில் எடுத்ததைச் சாதாரணத் திரையில் பார்க்கும்போது நிறம் செத்துப்போகும். அதை அணைத்துவிட்டு மறுபடி எடுப்பது, எடிட்டரில் நிறத்தைக் கூட்டிப் போராடுவதைவிடச் சீக்கிரம் முடியும். முதல் ஸ்விட்சில் எடுத்த படங்கள் 1280-க்கு 720 தான், பெரிதாக்கினால் பிசிறடிக்கும். அவற்றைப் பாதி அகலத்தில் வையுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு இதே ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு ஷீட் திறந்து வைத்து, ஒரு கேமை முடிக்கும் நாளிலோ விட்டுவிடும் நாளிலோ ஒரே ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எங்கே நிறுத்தினேன், ஏன். விட்ட கேம்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். முடித்தவற்றுக்கு டிராஃபி சாட்சி இருக்கும். ஏன் விட்டோம் என்பதற்கு எந்தக் கணக்குப் பக்கத்திலும் பதில் இருக்காது.