ஆஷ் கொலைக்கு ஓர் இணைய இதழ்

தங்கசாலை அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கு, இப்போது ராயபுரம் வீட்டு மாடியில் இந்த இதழ்தான் வேலை. நீங்களும் தொடங்குவதானால், யாரும் மறுக்காத செய்திகளை முதலில் ஒரே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்: 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், சுடப்பட்டவர் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், சுட்டவர் வாஞ்சிநாதன், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். வருகிற கட்டுரையை இதோடு ஒத்துப் பாருங்கள்.

அப்புறம்தான் சண்டை. ஆஷை மகானாக்கும் கதையும் வரும், வாஞ்சியைத் தெய்வமாக்கும் கதையும் வரும். “அந்தக் காலத்து ஆவணம் எது?” என்று கேளுங்கள். பதில் இல்லையா, போடாதீர்கள். எழுதியவர் சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை வெட்டாமல் போடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மீதான கோபத்தோடு, இன்று படிக்கச் சங்கடமான சொற்களும் அதில் உண்டு. பாதியை மறைத்தால் நீங்கள் ஆசிரியர் இல்லை, யாருக்கோ வக்கீல்.

இந்தக் கொலைச் சதிக்காகப் புரட்சிக்காரர் நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்ற வழக்கு நடந்தது நம் பாரிமுனைக்குப் பக்கத்து உயர் நீதிமன்றத்தில்தான். கட்டடத்தை வெளியே நின்று நீங்களே படமெடுங்கள், உரிமைத் தொல்லை இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குறிப்பெடுக்கும்போது கோப்பு எண்ணை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

செலவு பெரிதாக இல்லை, தளப் பெயரும் சர்வர் வாடகையும்தான். இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ் போதும். ஜூன் இதழுக்கு மட்டும் ஏப்ரலிலேயே கட்டுரை கேட்டு நச்சரியுங்கள்.