இரத்த ஓட்டக் குறைவால் கால் வலியா? நடக்க வேண்டிய முறை இது

கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால், கால் நாடிகளில் அடைப்பு இருக்கலாம். முதலில் வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். இருதயத்தையும் பார்த்துக்கொள்வது அவசியம். அவர் சம்மதித்தால் நடைதான் நல்ல மருந்து.

வலி தொடங்கியவுடனே நின்றுவிடுவதுதான் பலர் விடும் பிழை. வலியை 5 புள்ளியில் (1 என்றால் வலியே இல்லை, 5 என்றால் தாங்க முடியாத வலி) அளந்தால், 3 அல்லது 4 வரும்வரை நடக்க வேண்டும். அதன்பின் உட்கார்ந்து, வலி முழுதாக விட்டதும் மறுபடி நடங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி வரும் வேகமே சரியான வேகம். 10 நிமிடம் வலியின்றி நடக்க முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். ஓய்வையும் சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல 50 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிழமைக்கு 3 நாள், குறைந்தது 12 கிழமை. இடையில் விட்டால் கிடைத்த பலன் குறைந்துவிடும்.

கொழும்பில் காலி முகத்திடலோ விகாரமகாதேவி பூங்காவோ வசதி: தரை சமம், உட்கார இடமும் உண்டு. வெயிலேற முன் போய்விடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் பாட்டா செருப்போடு நடக்கவே கூடாது. மூடிய சப்பாத்து போட்டு, வந்ததும் விரலிடுக்குகளைப் பாருங்கள். உணர்ச்சி மங்கிய காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. சிகரெட் பழக்கம் இருந்தால் நடையோடு அதையும் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். இரவில் படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், புண் ஆறாவிட்டால், நடையை விட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து மரத்துப்போனால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.